நீதிமன்றத்தில் ‘எதிரி’ யார்? அரசு வழக்கறிஞரும் எதிரித் தரப்பு வழக்கறிஞரும் செய்யும் வேலை

முதன்முறையாகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களை ஒரு சொல் உலுக்கிவிடும். ‘எதிரி’ என்ற சொல். குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். குற்றப்பத்திரிகையில் ‘1-ஆம் எதிரி’, ‘2-ஆம் எதிரி’ என்று எண் போட்டு வரும். விடுதலை செய்யும் தீர்ப்பில்கூட ‘எதிரி குற்றவாளி இல்லை எனத் தீர்மானித்து’ என்றுதான் எழுதுவார்கள். டவாலி தன் மகன் பெயரைக் கூப்பிடுவதற்காக வாசலில் காத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என் பிள்ளை யாருக்கு சார் எதிரி?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் குற்றவியல் நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்பதையே சொல்லியாக வேண்டும்.

பகைவன் என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே வழங்குவதில்லை. வழக்கில் எதிரே நிற்பவர், அவ்வளவுதான். யாருக்கு எதிரே? புகார் கொடுத்தவருக்கு எதிரே என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிலத் தகராறு, கடன் பாக்கி போன்ற உரிமையியல் வழக்குகளில் அது சரி. அங்கே வழக்குப் போட்டவர் வாதி, மற்றவர் பிரதிவாதி. திருட்டு, அடிதடி, கொலை என்று வந்துவிட்டால் வழக்கு நடத்துவது அரசு. வழக்கின் தலைப்பே ‘காவல் ஆய்வாளர் மூலமாக அரசு’ என்று தொடங்கும். புகார் கொடுத்தவர் அங்கே ஒரு சாட்சி. பெரும்பாலும் முதல் சாட்சி, ‘அ.சா.1’, அதாவது அரசுத் தரப்புச் சாட்சி 1.

அரசுக்காகப் பேசுகிறவர் அரசு வழக்கறிஞர். எதிரிக்காகப் பேசுகிறவர் எதிரித் தரப்பு வழக்கறிஞர். இந்த இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம்.

ஒரு சிறு நகரம், மாலை ஏழு மணி. ஐம்பத்தைந்து வயது அம்மா ஒருவர் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு நடந்து போகிறார். பைக்கில் வந்த இரண்டு பேரில் பின்னால் இருந்தவன் அவர் கழுத்திலிருந்த மூன்று பவுன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். மறுநாள் காலை அவர் புகார் கொடுக்கிறார், முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. இரண்டு நாள் கழித்து, குமார் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனைப் போலீஸ் கைது செய்கிறது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தான் என்று காவல்துறை எழுதுகிறது. சங்கிலியைக் கைப்பற்றியதற்கு மகஜர், அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு, போடுகிறார்கள். அதில் கிராம நிர்வாக அலுவலரும் பக்கத்து மளிகைக் கடைக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஊரைப் பொறுத்தவரை வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. திருடன் அகப்பட்டான், நகையும் கிடைத்தது. ஆனால் நீதிமன்றத்தின் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரத்தைக் கழித்து, நீதித்துறை நடுவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நாம் மாஜிஸ்திரேட் என்று சொல்பவர்தான் நடுவர். இது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. தனக்குப் பிடித்த வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு இலவசமாக ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்பதை, முதல்முறை ஆஜர்படுத்தும்போதே நடுவர் சொல்லியாக வேண்டும். மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப்பின் மேல்முறையீட்டை 2012-இல் தள்ளுபடி செய்த அதே தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் இதை நடுவர்களின் கடமை என்று அழுத்திச் சொன்னது. மரண தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பிலேயே இந்த வரியும் இருப்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

கைதானவரைக் காவலில் வைக்க நடுவரிடம் உத்தரவு கேட்கும் இந்த ரிமாண்ட் நேரத்தில் வழக்கறிஞர் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். கைதுக்கான காரணத்தை அவனிடம் சொன்னார்களா? வீட்டுக்குத் தகவல் போனதா? உடம்பில் காயம் இருக்கிறதா? ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் போலீஸ் காரணம் எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கட்டத்தில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, பிறகு ஒரு வருட வழக்காடலிலும் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது பிணை, பேச்சுவழக்கில் ஜாமீன். குமாரின் வழக்கறிஞர் மனு போடுவார். அரசு உதவி வழக்கறிஞர் காவல் நிலையத்திடம் விவரம் கேட்டு, ‘முன் வழக்குகள் உள்ளன, சாட்சிகளைக் கலைப்பார்’ என்பது போன்ற ஆட்சேபங்களைச் சொல்வார். ஜாமீன் கிடைத்துவிட்டால் குற்றம் செய்யவில்லை என்று ஆகிவிடாது. விசாரணை முடியும்வரை வெளியே இருக்கலாம், அவ்வளவே. தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கும். இதில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. வழக்கின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமையாகிவிடும். ஆனால் அவர் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லாததால் இந்த உரிமை எத்தனையோ பேருக்கு வீணாகப் போகிறது.

அரசு வழக்கறிஞர் யாருடைய ஆள்?

போலீஸின் வக்கீல் என்பது முதல் தவறான எண்ணம். பாதிக்கப்பட்டவரின் வக்கீல் என்பது இரண்டாவது.

குற்றத்தைப் புலனாய்வு செய்வது போலீஸின் வேலை, அதை நீதிமன்றத்தில் நடத்துவது அரசு வழக்கறிஞரின் வேலை. இரண்டையும் சட்டம் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இளம் மணமகள் ஒருவரின் தற்கொலை பற்றியது அது, குற்றப்பத்திரிகையை அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று போலீஸைக் கட்டாயப்படுத்த முடியாது என 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் யார் மேல் வழக்குப் போட வேண்டும் என்று அவர் உத்தரவிட முடியாது. அதேபோல, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபின் அதை எப்படி நடத்த வேண்டும் என்று போலீஸ் அவருக்கு உத்தரவிட முடியாது.

நடுவர் நீதிமன்றங்களில் இருப்பவர் அரசு உதவி வழக்கறிஞர். ஏ.பி.பி. என்பார்கள். தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருகிற அரசு ஊழியர் அவர். கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய வழக்குகள் நடக்கும் அமர்வு நீதிமன்றத்தில் இருப்பவர் பி.பி. எனப்படும் அரசு வழக்கறிஞர். குறைந்தது ஏழு ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர்களிலிருந்து அரசு இவரை நியமிக்கிறது. மாவட்ட ஆட்சியர் அமர்வு நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பட்டியலிலிருந்து தேர்வு நடக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமித்தால் பத்து ஆண்டு அனுபவம் வேண்டும். நடைமுறையில், ஆட்சி மாறினால் மாவட்டங்களில் பி.பி.க்களும் மாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எனக்கு இது கவலை தரும் விஷயம். ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அவருடைய கடமை என்ன என்பதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் நேராகச் சொல்கின்றன. அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர், நிரபராதி தண்டிக்கப்படாத வகையில் அதை நடத்த வேண்டும். எதிரி நிரபராதி என்று காட்டக்கூடிய எதையும் அவர் மறைக்கவே கூடாது. எப்படியாவது தண்டனை வாங்கித் தர வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் எழுதியது. எதிரித் தரப்பு கவனிக்காமல் விட்ட ஒரு நியாயமான அம்சம் அவர் கண்ணில் பட்டால், அதை அவரே நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. குமாரின் வழக்கில், சம்பவம் நடந்த அன்று மாலை அவன் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் சிசிடிவி பதிவு போலீஸ் கோப்பில் இருக்கிறது என்று வையுங்கள். அதை எடுத்து நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியது குமாருக்கு எதிராக வழக்கு நடத்துகிற அதே ஏ.பி.பி.தான்.

அரசு வழக்கறிஞர் தன் வேலையைச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழக்கு இருக்கிறது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு முதலில் சென்னையில்தான் நடந்தது. 2001-இல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தபின், ஏற்கெனவே சாட்சியம் அளித்து முடித்த 76 சாட்சிகள் குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். அவர்களைப் பிறழ் சாட்சிகளாக, அதாவது அழைத்த தரப்புக்கே மாறாகப் பேசும் சாட்சிகளாக, அறிவித்து மடக்கிக் கேள்வி கேட்க அரசுத் தரப்பு முயலவே இல்லை. எதிரியும் அரசும் ஒரே பக்கம் நிற்பதுபோல் ஆகிவிட்டது. தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் போட்ட மனுவில், 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. பிறகு 2015-இல், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டுக்கு அரசு வழக்கறிஞரை நியமிக்கத் தமிழ்நாடு அரசுக்கு அதிகாரமே இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கைப் பற்றி யாருக்கு என்ன அரசியல் கருத்து இருந்தாலும் சரி, எதிரித் தரப்பில் எவ்வளவு திறமையான வழக்கறிஞர் இருந்தாலும், எதிரே அரசு வழக்கறிஞர் சும்மா இருந்துவிட்டால் அங்கே விசாரணை என்ற ஒன்றே நடக்காது. பி.பி. பதவி கட்சிக்காரர்களுக்குத் தரும் பரிசாக ஆகிவிடக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

கட்டை முதலில் பிரிக்கும்போது

குற்றப்பத்திரிகை தாக்கலானதும், போலீஸ் நம்பியிருக்கும் எல்லா ஆவணங்களின் நகலையும் எதிரிக்கு இலவசமாகத் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகள் போலீஸிடம் சொன்னவை, மகஜர்கள் எல்லாம் அதில் இருக்கும். வழக்கறிஞர்கள் இதைக் ‘கட்டு’ என்பார்கள். எதிரித் தரப்பின் உண்மையான வேலை நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவதற்கு வெகு முன்னால், இந்தக் கட்டை வைத்துக்கொண்டு இரவில் உட்காரும்போதே நடந்துவிடுகிறது.

குமாரின் கட்டில் என்ன பார்ப்போம்? புகார் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, அது நீதிமன்றத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். இடையில் காரணமில்லாமல் ஒரு நாள் கழிந்திருந்தால் புகார் பின்னால் திருத்தி எழுதப்பட்டதா என்ற கேள்வி வரும். பறித்தவனைப் பற்றி அந்த அம்மா என்ன அடையாளம் சொல்லியிருக்கிறார் என்று பார்ப்போம். சிறையில் நடுவர் முன்னிலையில், ஒத்த தோற்றமுள்ள பலரோடு குமாரை நிறுத்தி அடையாள அணிவகுப்பு நடத்தினார்களா என்று பார்ப்போம்.

அப்புறம் அந்த ஒப்புதல் வாக்குமூலம். வெளியில் இருப்பவர்களுக்கு ஆச்சரியம் தருவது இதுதான். போலீஸிடம் ஒருவர் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னதை அவருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இந்தத் தடை இருந்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் 23-ஆவது பிரிவில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காவல் நிலையத்துக்குள் ஒப்புதல் எப்படி வாங்கப்படும் என்ற அச்சம்தான் காரணம். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. அவர் சொன்னதன் பேரில் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாக வழிசெய்த வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் இதை ‘ஒப்புதல் வாக்குமூலத்தின் அனுமதிக்கத்தக்க பகுதி’ என்பார்கள். ‘நான் பறித்த சங்கிலியைக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்’ என்பதில் கட்டிலும் பெட்டியும் உள்ளே வரும். ‘நான் பறித்த’ என்பது வெளியே போய்விடும்.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரியது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரிகிறது. பயங்கரவாதத் தடுப்புக்காக இருந்த தடா சட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்த ஒப்புதல் செல்லும் என்று வைத்திருந்தார்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கு அந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டும் அதை உறுதிசெய்து, 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, மீதி 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீட்டில் அவர்களுக்காக வாதாட யாரும் முன்வராமல் போயிருந்தால், அந்த 19 பேரும் தூக்குக் கயிற்றுக்குப் போயிருக்கக்கூடும்.

சாட்சிக் கூண்டில்

சினிமாவில் குறுக்கு விசாரணை என்றால் வழக்கறிஞர் கத்துவார், சாட்சி அழுவார், கடைசியில் உண்மையைக் கக்குவார். இரு தரப்பும் மாறி மாறி ஆட்சேபணை எழுப்பும். நிஜத்தில் நடப்பது வேறு. நடுவர் கணினிக்கு முன்னால் இருக்கும் தட்டச்சருக்குச் சாட்சியத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். நீளமாக இருக்கும், மெதுவாகப் போகும். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி கிடையாது, அதனால் யாரையும் உருக வைக்க வேண்டிய தேவையும் இல்லை.

முதலில் அரசு உதவி வழக்கறிஞர் தன் சாட்சியை விசாரிப்பார். அது முதல் விசாரணை. பதிலைச் சாட்சியின் வாயில் ஊட்டுகிற கேள்விகளை அவர் கேட்கக் கூடாது. "அன்று மாலை என்ன நடந்தது?" என்று கேட்கலாம். "குமார்தானே சங்கிலியைப் பறித்தார்?" என்று கேட்க முடியாது. அந்த அம்மா நடந்ததைச் சொல்கிறார். தெருவிளக்கு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன், கூண்டில் நிற்கிற இவன்தான் என்கிறார். சங்கிலியைக் காட்டுகிறார்கள், தன்னுடையது என்கிறார். அது ‘சா.பொ.1’, அதாவது முதல் சான்றுப் பொருள்.

இனி எதிரித் தரப்பு எழுந்திருக்கும். குறுக்கு விசாரணையில் ஆம், இல்லை என்று பதில் வரும்படி மடக்கிக் கேட்கலாம். நல்ல வழக்கறிஞர் இங்கே அந்த அம்மாவைப் பொய்யர் என்று சொல்ல மாட்டார். அவர் பொய்யர் இல்லை, பறிகொடுத்தவர். வழக்கறிஞர் அமைதியாகச் சிலவற்றைக் கேட்பார்.

"தெருவிளக்கு எரிந்தது என்று போலீஸில் கொடுத்த புகாரில் சொன்னீர்களாம்மா?"

"சொன்னதாக நினைவு இல்லை."

"பின்னால் இருந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா?"

"இல்லை. கைக்குட்டை கட்டியிருந்தார்."

"சம்பவத்துக்குப் பிறகு இவரை முதலில் எங்கே பார்த்தீர்கள்?"

"காவல் நிலையத்தில். இவன்தான் எடுத்தவன் என்று சொல்லிக் காட்டினார்கள்."

இந்தக் கடைசிப் பதிலோடு உட்கார்ந்துவிட வேண்டும். அடையாளம் காட்டியதன் பலம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர் மனதில் இருக்கும் முகம் தெருவில் பார்த்த முகமா, காவல் நிலையத்தில் காட்டப்பட்ட முகமா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. இதை வெளியே கொண்டுவருவது ஒரு தந்திரம் என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதால் வேறொருவன் செய்த குற்றத்துக்காக உள்ளே போனவர்கள் உண்டு.

சாட்சியத்தைப் படித்துப் பார்ப்பவர்களைக் குழப்பும் ஒரு வாக்கிய அமைப்பு இருக்கிறது. ‘எதிரிக்கும் இவ்வழக்கிற்கும் எவ்வித சம்பந்தமும் இல்லை என்றால் சரியல்ல. போலீசார் சொல்லிக்கொடுத்தபடி பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.’ இப்படி வரிசையாக நாலைந்து ‘என்றால் சரியல்ல’ வரும். சாட்சி மறுக்கப்போகிறார் என்று தெரிந்தே ஏன் கேட்கிறார்கள்? எதிரித் தரப்பு தன் வாதம் என்ன என்பதைச் சாட்சியின் முகத்துக்கு நேரே வைத்தாக வேண்டும். வைக்காமல் விட்டுவிட்டு வாதத்தின்போது புதிதாகச் சொன்னால், ‘சாட்சியிடமே கேட்கவில்லையே, அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரவில்லையே’ என்று நீதிமன்றம் கேட்கும். அது நியாயமும்கூட.

அடுத்து மளிகைக் கடைக்காரர் வருகிறார். "எனக்கு ஒன்றும் தெரியாது, ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்" என்கிறார். இப்போது அரசுத் தரப்பு அவரைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டு, தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யும். பிறழ் சாட்சி என்றதும் அவர் சொன்னது முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. நம்பத்தக்க பகுதி இருந்தால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கிராம நிர்வாக அலுவலர். பெட்டியிலிருந்து குமார் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தேன் என்று உறுதியாக நிற்கிறார். ஏ.பி.பி.யின் பிடிமானம் இதுதான். திருட்டுப் பொருள் சம்பவம் நடந்து சில நாளுக்குள் ஒருவர் கையில் இருந்து, எப்படி வந்தது என்று அவர் விளக்கம் சொல்லாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. எதிரித் தரப்பு, பெட்டி இருந்த அறை யாருடையது, அந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், அலுவலர் எத்தனை மணிக்கு வந்தார், மகஜரை யார் எழுதினார் என்று துருவும்.

சாட்சிகள் முடிந்ததும் நடுவரே குமாரிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவின் எண்ணால் ‘313 கேள்வி’ என்று இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 351. சத்தியப் பிரமாணம் கிடையாது. அவன் பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவு. பெரும்பாலும் ‘பொய்’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாகப் பதிவாகும். சங்கிலி தன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்ல அவனிடம் ஏதாவது இருந்தால், சொல்லவேண்டிய இடம் இது.

பிறகு இரு தரப்பு வாதம். நிரூபிக்கும் சுமை அரசுடையது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு அது நிரூபிக்க வேண்டும். குமார் தன்னை நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போன்ற சிலவற்றில் மட்டும் சில ஊகங்கள் எதிரிக்கு எதிராக வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வழக்கில் நடுவர் கிராம நிர்வாக அலுவலரை நம்பினால் தண்டனை வரலாம். நம்பாவிட்டால், அடையாளமும் பலவீனமாக இருப்பதால், சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும்.

"செய்தவன் என்று தெரிந்தே எப்படி வாதாடுகிறீர்கள்?"

கல்யாண வீடுகளில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. வழக்கறிஞர் மன்ற விதி இதற்கும் பதில் வைத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் செய்தாரா இல்லையா என்ற தன் சொந்த அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாமல் வழக்கறிஞர் அவருக்காக வழக்காட வேண்டும். போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்கே அவருடைய விசுவாசம்.

கட்சிக்காரர், "ஆமா சார், நான்தான் எடுத்தேன்" என்று வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டால்? அந்தப் பேச்சு ரகசியம். அவர் சம்மதமில்லாமல் வழக்கறிஞர் அதை வெளியே சொல்லச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் அதன்பின் பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்றவோ, வேறொருவர் மேல் பழியைப் போடவோ அவருக்கு உரிமை இல்லை. அரசு சொல்வது நிரூபணமாகியிருக்கிறதா என்று சோதிக்கலாம். அது மட்டும் எப்போதும் அவர் கையில் இருக்கும்.

கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல் வந்தபோது, வழக்கில் சிக்கிய போலீசாருக்காக எந்த உறுப்பினரும் ஆஜராகக் கூடாது என்று அங்கிருந்த வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010-இல் உச்ச நீதிமன்றம், நாட்டில் எந்தச் சங்கம் போடும் இப்படிப்பட்ட தீர்மானமும் செல்லாது என்று தெளிவாகச் சொன்னது. பயங்கரவாதி என்று சொல்லப்படுபவருக்கும், குழந்தையைக் கொன்றதாகச் சொல்லப்படுபவருக்கும், வழக்கறிஞர்களையே அடித்ததாகச் சொல்லப்படும் போலீஸ்காரருக்கும் ஒரே விதிதான்.

ஊர் முழுக்க ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்ட காலத்தை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள். 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஜூரியோடு நடந்த விசாரணையில் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்றது. அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்குத் திரும்பி, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் வி.எல். எத்திராஜ், சென்னையில் எத்திராஜ் கல்லூரியை நிறுவியவர். ஆங்கிலேய அரசின் அரசு வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே. அரசுக்காக வழக்கு நடத்தியவரே பின்னாளில் எதிரிகளுக்காகவும் நின்றார். இரண்டும் ஒரே தொழில்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் சங்கிலியைப் பறிகொடுத்த அந்த அம்மாவை மறந்துவிடக் கூடாது. தன் வழக்கில் தான் வெறும் சாட்சி என்பது அவருக்கு வலிக்கும். ஆனால் அவருக்கும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தனக்கென ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். எதிரி விடுதலையானால் அதை எதிர்த்து அவரே மேல்முறையீடு செய்யலாம்.

குமார் போன்றவர்களின் குடும்பத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காவலில் இருக்கும் எவருக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ, வட்ட நீதிமன்றத்தில் இருக்கும் குழுவிலோ ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் கேட்க 15100. உள்ளே இருப்பவர் சிறையிலிருந்தே மனு எழுதலாம். ரிமாண்டுக்குக் கொண்டுவரும் அன்றே, "எனக்கு வக்கீல் வேண்டும் ஐயா" என்று நடுவரிடம் வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள்.